வாலுக்கு ஒரு கோல்டு கார்டு

ஜூலை 6

அக்காவுக்கு,

"இனிமே எனக்குப் போன் பண்ணாத. நாள் பூரா பேசிட்டு வர்றேன், வீட்டுக்கு வந்தும் உன்கூட கத்த என்னால ஆகாது. ஏதாவது சொல்லணும்னா எழுதி அனுப்பு" என்று நேற்று நான் வீட்டிலிருந்து என் வாடகை அறைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாய். சொன்ன கையோடு கதவையும் சாத்தினாய். சரி, எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அது எனக்கு வசதிதான்.

உன் கோல்டு கார்டு எனக்கு வேண்டாம். நேற்று அதை முழுசாகச் சொல்ல நீ விடவே இல்லை. விண்ணப்பத்தில் எல்லாக் கட்டத்தையும் நீயே நிரப்பி, பேனா மூடியையும் திறந்து வைத்து, "இங்க ஒண்ணு போடு, இங்க ஒண்ணு போடு" என்று விரலால் காட்டினாய். நான் கையெழுத்துப் போடவில்லை என்றதும் அம்மாவைப் பார்த்து, "பாத்தியாம்மா, வேலைக்குப் போனதும் கொம்பு முளைச்சிருச்சு" என்றாய். கார்டு விற்பது உன் வேலை, ஒப்புக்கொள்கிறேன். அதை என் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

நீ அம்மாவிடம் என்னைப் பற்றிக் குற்றப்பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் பின்பக்கத்துப் பொடி எழுத்தையெல்லாம் படித்துவிட்டேன். முதல் வருடம் கட்டணம் இல்லை, அடுத்த வருடத்திலிருந்து உண்டு. விமான நிலைய லவுஞ்சில் இலவசமாக உட்காரலாமாம். நான் ஏறுகிற ஒரே வாகனம் டவுன் பஸ். அதில் உட்கார இடம் கிடைத்தாலே எனக்கு லவுஞ்சுதான். கோல்ஃப் மைதானத்தில் சலுகை உண்டாம், அதை வைத்துக்கொண்டு நான் யார் மண்டையில் பந்தடிக்க? கடன் வரம்போ என் சம்பளத்தைப்போலப் பல மடங்கு. எனக்கு என்னைத் தெரியும் அக்கா. பளபளக்கிற துணிக்கடை வாசலில் நின்றால் காலே நகராத ஆள் நான். அவ்வளவு பெரிய வரம்பைக் கையில் கொடுத்தால் மூன்றே மாதத்தில் மூழ்கிப்போவேன். மினிமம் மட்டும் கட்டினால் போதும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அப்படிக் கட்டினால் வட்டி என்ன என்பதை எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு ஒரு கார்டு வேண்டும்தான். செயற்கைப் பல் செய்கிற எங்கள் கூடத்தில் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே கைமோட்டார். பீங்கான் பல்லை உலையிலிருந்து எடுத்து, ஓரம் தேய்க்கிற நேரத்தில் அது எப்போதும் அடுத்தவர் கையில் இருக்கும். சொந்தமாக ஒன்று தவணையில் வாங்கப் போகிறேன். கடைக்காரர் கார்டு இருந்தால்தான் தவணை தருவேன் என்கிறார். அதனால் என் சம்பளம் வருகிற வங்கியிலேயே ஆண்டுக் கட்டணமில்லாத, சின்ன வரம்புள்ள, பளபளப்பே இல்லாத ஒரு கார்டுக்கு எழுதிப் போடப் போகிறேன். நானே பார்த்து, நானே தேர்ந்தெடுத்து.

கோபம் இருந்தால் நீயும் எழுது.

உன் தங்கை


ஜூலை 9

மாண்புமிகு வாடிக்கையாளர் வாலு அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து இணைப்பிலேயே காத்திருக்கவும். போதுமா? நாள் முழுக்க ஊர் பேர் தெரியாதவர்களிடம் இப்படித்தான் குழைகிறேன், உனக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும்.

பொடி எழுத்தைப் படித்தாயாமே, பெரிய வக்கீல். அந்தப் பொடி எழுத்தை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறவள் நான். எனக்கே சொல்லித் தருகிறாயா?

எங்கள் கால் சென்டர் தளத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? வாசலிலேயே போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். வரிசை வரிசையாக மேசை, ஆளுக்கொரு ஹெட்செட், எதிரே ஒரு பெரிய பலகை. அதில் யார் எத்தனை கார்டு என்று எல்லோர் முகத்துக்கும் நேராக ஓடிக்கொண்டே இருக்கும். என் இடது பக்கத்துக்காரி மாமியார், நாத்தனார், நாத்தனாரின் கொழுந்தன் என்று ஒரு குடும்பத்தையே கார்டில் ஏற்றிவிட்டாள். வலது பக்கத்துக்காரனுக்கு மச்சான்களே ஏகப்பட்ட பேர். எனக்கு யார் இருக்கிறார்கள்? அம்மாவும் நீயும். அம்மாவுக்கு வருமானம் இல்லை. மிச்சம் யார் என்று நீயே சொல்லு.

மாதக் கடைசியில், தற்காலிகமாக இருக்கிற நாலு பேரில் இரண்டு பேரை நிரந்தரமாக்குகிறார்கள். எனக்கு ஒரே ஒரு கார்டு குறைகிறது. இப்போது ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று மாறுகிறது, நிரந்தரமானால் பகல் ஷிப்ட் மட்டும். அம்மாவுக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு. அவள் மாடிப்படி ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிற்பதை நீ பார்ப்பதில்லை, நான் தினமும் பார்க்கிறேன். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பிகு.

உனக்கு எது நல்லது என்று இதுவரை பார்த்தது யார்? பல் படிப்பில் சேரமாட்டேன் என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாய். நான்தான் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தேன். இப்போது அதே வேலையில் நின்றுகொண்டு என்னிடமே பல்லைக் கடிக்கிறாய். அன்றைக்கு உன் பேச்சைக் கேட்டிருந்தால் இன்றைக்கு உனக்கு ஏது மோட்டார்?

விண்ணப்பம் மேசை மேலேயேதான் இருக்கிறது. வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ.

அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

வரமாட்டேன்.

அன்றைக்கு நான் அழுதேன், நீ கேட்கவில்லை, வேலை எனக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போனது என் அதிர்ஷ்டம். பிடிக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பாய்? அப்போதும் "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்றுதான் சொல்லியிருப்பாய். என் முடியை எவ்வளவு வெட்டுவது, எந்தத் தோழியோடு பேசுவது, எந்தக் கலரில் செருப்பு வாங்குவது, எல்லாவற்றையும் நீ முடிவு செய்து எனக்குத் தகவல் மட்டும் சொன்னாய். ஒரு தடவையாவது என்னைக் கேட்டிருக்கிறாயா? யோசித்துப் பார்.

வங்கிக்குப் போனேன். அங்கே என் மூக்கு உடைந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், சிரித்துக்கொள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அம்மாள் என் விவரத்தையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வரலாறே இல்லையேம்மா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இருபத்திரண்டு வருஷமா இருக்கேனே" என்றேன். "அந்த வரலாறு இல்ல. கடன் வாங்கித் திருப்பிக் கட்டின வரலாறு. வாங்குனாதானே நீங்க நாணயமானவங்களான்னு தெரியும்" என்றார். கடனே வாங்காதவளுக்குக் கடன் தர மாட்டார்களாம். கேட்டாயா கூத்தை.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். என் சேமிப்பில் கொஞ்சம் எடுத்து டெபாசிட்டாகப் போட வேண்டும், அதை ஈடாக வைத்து ஒரு சின்ன கார்டு தருவார்கள். என் பணத்தை அவர்களிடம் பூட்டி வைத்துவிட்டு, அதே பணத்தை அவர்களிடமே கடன் வாங்குகிறேன். பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும், இது நான் போய் வரிசையில் நின்று வாங்குகிற பைத்தியக்காரத்தனம். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அம்மா முழங்காலை இதில் இழுக்காதே. காப்பீடு வெளியே எடுக்கலாம், மாதாமாதம் பாதி நான் கட்டுகிறேன். எழுதித் தரச் சொன்னாலும் தருகிறேன். கார்டை மட்டும் கேட்காதே.

தங்கை


ஜூலை 17

வாலு,

சரி, விடு. இதற்குப் போய் எதற்கு இவ்வளவு பெரிய கடிதம்? எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அம்மாவும் "சின்னப் பொண்ணு, விட்டுப் பிடி" என்றாள்.

நீ வேலை செய்கிற இடத்து முகவரி பழையதுதானே? அம்மா உனக்கு ஏதோ அனுப்ப வேண்டும் என்றாள். சளி பிடித்திருந்ததே, தேவலையா?

அக்கா


ஜூலை 24

அக்கா,

உன்னை என்னவென்று திட்டுவது என்றே தெரியவில்லை.

நேற்று மத்தியானம் ஒரு முன்பல்லுக்குப் பீங்கான் பொடியைத் தூரிகையால் ஏற்றிக்கொண்டிருந்தேன். மூச்சு விட்டாலே கலைந்துவிடும் வேலை. காவலாளி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "இங்க வாலு யாரு? வாலுக்குக் கூரியர்" என்று கூடம் அதிரக் கத்தினார். எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவர் மறுபடியும் உறையைப் பார்த்து, "செல்வி வாலு" என்றார். எங்கள் தலைமைத் தொழில்நுட்பர் சிரித்த சிரிப்பில் மெழுகுச் சட்டியே கவிழ்ந்தது.

உள்ளே கோல்டு கார்டு. அதில் பொன் எழுத்தில், நிமிர்ந்து, விரலால் தடவினால் தட்டுப்படுகிற மாதிரி, வாலு என்று.

உன்னைத் தவிர இந்த உலகத்தில் வேறு யார் என்னை அப்படிக் கூப்பிடுகிறார்கள்? அம்மாகூட எனக்குப் பதினெட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டாள். 'அட்டையில் அச்சிட வேண்டிய பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது, எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவசரத்தில், பழக்கதோஷத்தில், அதில் வாலு என்று எழுதியிருக்கிறாய். திருடுகிறவள் கொஞ்சம் கவனமாகத் திருடக் கூடாதா?

கையெழுத்தையும் நீயே போட்டிருக்கிறாய். அம்மாவிடம் கேட்டேன். என் அடையாள அட்டை நகலை, "அவதான் கேட்டா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனாயாமே. அம்மாவை வேறு இதில் கூட்டு சேர்த்திருக்கிறாய்.

இன்னொன்றும் கேள். இன்று காலை என் வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். "உங்க பேர்ல வேற ஒரு இடத்துல புதுசா கார்டு ஆகியிருக்கே. எங்ககிட்ட எழுதிக் கொடுத்துட்டு அங்கயும் எழுதிப் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மாள். நான் என்னவோ ஊரெல்லாம் கடன் கேட்டுத் திரிகிறவள் மாதிரி. என் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். நான் வரிசையில் நின்று வாங்கப் போன ஒன்றை நீ உட்கார்ந்த இடத்திலிருந்தே கெடுத்துவிட்டாய்.

எனக்கு அழுகை வருகிறது. ஆத்திரத்தில் வருகிற அழுகை, நீ சமாதானப்படுத்த வேண்டாம்.

தங்கை


ஜூலை 26

வாலு,

ஆமாம், போட்டேன். என்ன செய்யப் போகிறாய்?

பெயர் விஷயம் என் மடத்தனம். தலையில் அடித்துக்கொண்டேன். உன்னை வேறு பெயரில் நினைத்து எனக்குப் பழக்கம் இல்லை, கை தானாக எழுதிவிட்டது. மற்றதற்கு நான் வெட்கப்படவில்லை. வெட்கப்பட்டால் இந்த வேலையில் ஒரு நாள்கூட உட்கார முடியாது. ஊழியரின் சொந்தம் என்றால் எங்கள் இடத்தில் கடன் வரலாறெல்லாம் பார்ப்பதில்லை, ஆனால் உன் வங்கியில் இப்படி ஆகும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

இனி நடக்கப் போவதைக் கேள். கார்டு கைக்கு வந்தால் மட்டும் கணக்கில் ஏறாது. எங்கள் வரவேற்புப் பிரிவிலிருந்து வாடிக்கையாளரைக் கூப்பிடுவார்கள். "நீங்கதான் விண்ணப்பிச்சீங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் கார்டு உயிர் பெறும், என் பெயருக்கு நேராகப் பலகையில் ஒன்று கூடும். முப்பதாம் தேதிக்குள் கூப்பிட்டாக வேண்டும்.

ஒரே ஒரு 'ஆமாம்' சொல்லு. அப்புறம் அதைக் கத்தரித்துக் குப்பையில் போடு, கட்டணம் வருவதற்குள் நானே ரத்து செய்து தருகிறேன். இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். பொய்யாக விண்ணப்பம் போட்டவளுக்கு நிரந்தரமும் கிடையாது, தற்காலிகமும் கிடையாது. அந்தத் தளத்தில் எனக்கு இவ்வளவு நாள் வறண்ட தொண்டையெல்லாம் வீண்.

கெஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. சொல்கிறேன், அவ்வளவுதான். நீ 'இல்லை' என்று சொல்லமாட்டாய், எனக்குத் தெரியும். என் குடி கெடுகிற மாதிரி நீ பேசமாட்டாய்.

அக்கா


ஜூலை 27

அக்காவுக்கு,

இல்லை என்றுதான் சொல்வேன்.

இப்போதே எழுதி வைக்கிறேன், நாளைக்கு நீ "முதுகில் குத்திவிட்டாள்" என்று சொல்லக் கூடாது. முப்பதாம் தேதி வரை நேரம் இருக்கிறது. அதற்குள் நீயே உன் மேற்பார்வையாளரிடம் போய், தவறாக விண்ணப்பம் போட்டுவிட்டேன், திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடு. நீயாகப் போய்ச் சொன்னால் ஒருவேளை திட்டோடு விட்டுவிடுவார்கள்.

ஒரு வார்த்தைதானே என்கிறாய். அந்த ஒரு வார்த்தையை நீ என்னிடம் விண்ணப்பத்தை நீட்டிய அன்றைக்கே கேட்டாய். நான் வேண்டாம் என்றேன், அது உன் காதில் விழவே இல்லை. இந்தத் தடவை விழும்படி சொல்லப் போகிறேன்.

தங்கை


ஜூலை 30

அக்கா,

பதில் எழுதவில்லை நீ. அதற்குப் பதிலாக என்ன செய்தாய் பார்.

மத்தியானம் போன் வந்தது. கையில் உலையிலிருந்து எடுத்து அப்போதுதான் ஆறிய கடைவாய்ப் பல். "வணக்கம் மேடம், கோல்டு கார்டு வரவேற்புப் பிரிவுல இருந்து பேசுறேன். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுது." முதல் வார்த்தையிலேயே அது நீதான் என்று தெரிந்துவிட்டது. என் எண்ணை உன் மேசைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாய். உன் குரலைக் கேட்டால் நான் உருகிவிடுவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறாய்.

"இந்தக் கார்டுக்கு நீங்கதான் விண்ணப்பிச்சீங்களா மேடம்?"

நான் பிறந்ததிலிருந்து நீ என்னை 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை. அம்மா முழங்கால் கண்முன் வந்தது. நீ ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து தேன் கலந்த வெந்நீரைக் குடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பதும் வந்தது. ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்கூட. சொல்லியிருந்தால் ஆயுளுக்கும் என் சார்பில் நீதான் பதில் சொல்லிக்கொண்டிருப்பாய்.

"இல்லைங்க" என்றேன்.

நீ மறுபடியும் கேட்டாய். "ஒருவேளை மறந்திருப்பீங்க மேடம். கொஞ்சம் யோசிச்சு சொல்றீங்களா?"

"மறக்கலைங்க. நான் விண்ணப்பிக்கல. கையெழுத்தும் என்னோடது இல்ல."

கடைசியில், "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்றாய். அது நீங்கள் பார்த்துப் படிக்கிற தாளில் எழுதியிருப்பதுதான் என்று எனக்குத் தெரியும். "வேண்டாங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த வேகத்தில் கையிலிருந்த பல்லின் ஓரம் போய்விட்டது, மறுபடியும் முதலிலிருந்து செய்தேன்.

வருத்தப்படுகிறேன். ஆனால் நாளைக்கே நீ மறுபடி கூப்பிட்டாலும் இதே பதில்தான் சொல்வேன்.

தங்கை


ஆகஸ்ட் 5

வாலு,

கல்நெஞ்சக்காரி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மற்றது எழுத வராது.

நீ போனை வைத்ததும் திரையில் ஒரு பட்டியல் வந்தது. அழைப்பு எப்படி முடிந்தது என்று குறிக்க வேண்டும். 'வாடிக்கையாளருக்கு விருப்பமில்லை' என்று ஒன்று இருந்தது. அதைத் தட்டியிருந்தால் கார்டு செத்திருக்கும், விஷயமும் அதோடு போயிருக்கும். அந்தப் பதிவுகளையெல்லாம் உட்கார்ந்து கேட்க யாருக்கு நேரம்? என் வேலையும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். விரல் அதன்மேல்தான் இருந்தது.

ஆனால் அந்த 'இல்லைங்க' காதுக்குள்ளேயே நின்றது. நாள் முழுக்க இல்லை என்று சொல்கிறவர்களிடம்தான் பேசுகிறேன். அவர்கள் சொல்வதை விருப்பமில்லை என்று குறித்துவிட்டு அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிடுவோம். உன்னையும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன் என்று பட்டது. யாரோ ஒரு பெரிய மனுஷி மறுமுனையில் பேசுகிற மாதிரி இருந்தது. கடைசியில் இருந்த 'அனுமதியில்லாத விண்ணப்பம்' என்பதைத் தட்டினேன். விண்ணப்பம் வாங்கியவர் யார் என்று கேட்டது. என் பெயரை எழுதினேன்.

மேற்பார்வையாளர் வந்து, "உனக்கென்ன பைத்தியமா? விருப்பமில்லன்னு போட்டுட்டுப் போயிருக்கலாமே" என்றார். பொய்யாகக் கார்டு விற்றதற்குத் திட்டவில்லை, உண்மையை எழுதியதற்குத்தான் திட்டினார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அழுதுகொண்டே வந்தேன் என்று நினைக்காதே. வழியில் ஒரு கடையில் நின்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிப் பார்த்தேன். எல்லாம் வாடிக்கையாளர் சேவை மாதிரியே வந்தது, கிழித்துவிட்டேன். உன் வங்கிக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் போயிருக்கும். இனி உன் கார்டுக்குத் தடை இருக்காது.

இப்போது ஒன்று கேட்க வேண்டும். மரச்சாமான் கடை ஒன்றில் பணப்பெட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலை இருக்கிறது. பகல் வேலை, பேச்சும் குறைவு. 'பண விஷயத்தில் இவரை நம்பலாம்' என்று சம்பாதிக்கிற ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். நீ போடுவாயா? தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஒரு கட்டத்தையும் நான் நிரப்பவில்லை. முடியாது என்றால் முடியாது என்று எழுது.

அக்கா


ஆகஸ்ட் 10

அக்காவுக்கு,

என் கார்டு வந்துவிட்டது. சாம்பல் நிறம், பார்க்கவே அழுமூஞ்சி மாதிரி இருக்கிறது. வரம்பு எவ்வளவு சின்னது என்றால், மோட்டாரைத் தவணையில் வாங்கியதுமே அதில் மூச்சு விட இடமில்லை. முதல் தவணையைத் தேதிக்கு முன்னாலேயே கட்டப் போகிறேன், முழுசாக, மினிமம் எல்லாம் கிடையாது.

அம்மாவின் காப்பீட்டில் என் பாதியை அனுப்பிவிட்டேன். வேலை கிடைக்கும்வரை உன் பாதியையும் நானே கட்டுகிறேன். பந்தா பண்ணாமல் வாங்கிக்கொள்.

நீ அன்றைக்குத் தட்டியதை நினைத்து நான் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். தலைமைத் தொழில்நுட்பர் பார்த்துவிட்டார். "எங்க அக்காவுக்கு வேலை போயிருச்சு" என்றேன். "எதுக்குப் போச்சு?" என்றார். "உண்மையைச் சொன்னதுக்கு" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் தெரிந்துகொள்.

அந்தத் தாளை மூன்று நாள் வைத்துக்கொண்டு பார்த்தேன். நீ என்னை ஒன்று கேட்டு, பதிலுக்குக் காத்திருப்பது இதுதான் முதல் தடவை. அதனால் எனக்கும் உண்மையைத்தான் சொல்லத் தோன்றுகிறது. போன மாதம் என் கையெழுத்தைப் போட்டவளுக்கு, பண விஷயத்தில் நம்பலாம் என்று இந்த மாதம் நான் கையெழுத்துப் போட முடியாது. தாளை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். வேறு யாரையாவது கேட்டுப் பார், கிடைக்காவிட்டால் வேறு வேலை பார்க்கலாம், சேர்ந்தே தேடுவோம்.

இதற்குக் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதே. அடுத்த வருடம் மறுபடியும் கேள்.

உன் வாலு